மிக்ஸிக்கு மாறிய துவையல்

வில்லியனூரில் என் அக்காள் அம்மியை விட்டு மிக்ஸிக்கு மாறிய அன்று துவையலில் ருசியே இல்லை. "அதே தேங்காய், அதே மிளகாய்தானே?" என்றாராம் அத்தான்!

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இதே கதிதான், சகோதரிகளே. ஓடினால் என்ன வேகம், குதித்தால் எவ்வளவு உயரம் என்று உள்ளிருந்து கணக்குப் போடுவதற்கு 'என்ஜின்' என்று பெயர். 2004-ல் 'கவுண்டர் ஸ்டிரைக்' புது என்ஜினுக்குக் குடிபோயிற்று. படங்களெல்லாம் பளபளத்தன. ஆனால் பதம் போய்விட்டதென்று பலர் பழையதையே ஆடினார்கள். 2023-ல் மறுபடி என்ஜின் மாற்றம், மறுபடி முணுமுணுப்பு! படத்தைப் புதிதாக வரைந்துவிடலாம். ருசி எந்தக் கணக்கில் ஒளிந்திருந்ததென்று தேடுவதுதான் பெரும்பாடு.

அக்காள் இப்போது மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுகிறாள். பதம் பிடிபட ஒரு மாதம் ஆயிற்றாம்.