பிள்ளை அசையலீங்க

ஏழாம் மாதத்திலிருந்து வயிற்றுப் பிள்ளையின் அசைவைக் கவனிக்கச் சொல்கிறார்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து, இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது இருக்கிறதா என்று எண்ண வேண்டுமாம். சரியான அறிவுரைதான். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடும் நம் பெண்களுக்குப் படுக்க ஏது இரண்டு மணி நேரம்?

ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "காலையிலிருந்து பிள்ளை அசையலீங்க" என்று வந்து நிற்பவளை, "உங்க ஆளுங்களுக்கு எல்லாமே அவசரம், நாளைக்கு வா" என்று அனுப்பியதை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். மாதம் நெருங்கினால் அசைவு குறையும் என்பது பொய். (பாட்டிமாரும் சில நர்சுகளும் ஒத்துப்போவது இதில் மட்டும்தான்!) பிள்ளைக்கு ஆக்சிஜன் போதாததன் அறிகுறியாக அது இருக்கலாம், விடியும்வரை காத்திருக்க முடியாது.

தோழர்களே, காலனியில் இதைச் சொல்லுங்கள். 108-ஐ அழைத்துக் கூடவே போங்கள். இதயத்துடிப்பைப் பார்க்காமல் அனுப்பினால் வாசலைவிட்டு நகராதீர்கள்.