குளிர் ஓடையில் இறங்கும் கால்களுக்கு எது பாதுகாப்பு?

கேள்வி: "நாங்கள் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். தோட்ட வேலை குறைந்த குளிர்கால நாட்களில், என் மகன் உரிமம் வாங்கிக்கொண்டு நண்பர்களோடு டிரவுட் மீன் பிடிக்கப் போவான். ஐந்தாறு கிலோமீட்டர் நடந்துபோய், மூன்று மணி நேரம் ஓடைக்குள் நிற்பார்கள். போன முறை கம்பூட்டுக்குள் தண்ணீர் புகுந்து, வழுக்கி விழுந்து, எழ முடியாமல் தவித்திருக்கிறான். கூட இருந்தவர்கள்தான் இழுத்துக் கரையேற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. 'இனிமேல் போகவே வேண்டாம்' என்கிறாள் அவன் அம்மா. மார்பு வரை வரும் ரப்பர் உடை வாங்கிவிட்டால் பயமில்லை என்கிறான் அவன். யார் சொல்வது சரி?"
- ஒரு வாசகர், நீலகிரி மாவட்டம்.

பதில்: அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மகன் சொல்வதில் பாதி சரி. ஓடைக்குள் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு மார்பளவு உடை உதவும். மலையேறி நடந்து, பத்து இடத்தில் ஓடையைத் தாண்டுபவருக்கு அதுவே சுமையாகிவிடும். எனவே கடைக்குப் போகும் முன், நடப்பது அதிகமா, நிற்பது அதிகமா என்பதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

டிரவுட் நம் மலைக்குச் சொந்தமான மீன் அல்ல. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் வெளியிலிருந்து கொண்டுவந்து நீலகிரியின் உயரமான ஓடைகளில் விடப்பட்டது. அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமும் உண்டு. குளிர்ந்த, தெளிந்த, ஓடும் தண்ணீரில்தான் இது வாழும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். அதாவது, மீனுக்குச் சுகமான தண்ணீர் மனிதனின் காலுக்குச் சுகமான தண்ணீர் அல்ல.

குளிர்ந்த காற்றில் நிற்பதும் குளிர்ந்த தண்ணீரில் நிற்பதும் ஒன்றல்ல. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதிலும் ஓடும் தண்ணீர், காலைச் சுற்றிச் சூடாகும் நீரை உடனுக்குடன் அடித்துக்கொண்டு போய்விடும். பனி விழும் காலையில் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்று பழகியவர்கூட ஓடையில் அரை மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனால்தான்.

பருத்தி வேண்டாம்

வேட்டி, லுங்கி, ஜீன்ஸ், பருத்தி பேண்ட், பருத்தி சாக்ஸ் எதுவும் குளிர் ஓடைக்கு ஆகாது. பருத்தி தண்ணீரை நிறையக் குடிக்கும், லேசில் காயாது. நனைந்த பருத்தி காலோடு ஒட்டிக்கொண்டு, கரையேறிய பிறகும் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் நனைந்தால் கனமும் சேரும்.

கம்பளி அப்படியல்ல. நனைந்தாலும் இழைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் ஓரளவு சூடு தங்கும். பாலியெஸ்டர் தெர்மல் லெகிங்ஸ் தண்ணீரை அதிகம் குடிக்காது, சீக்கிரம் காயும். இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

கம்பளி என்று சொல்லி விற்பதெல்லாம் கம்பளி அல்ல. சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம். அசல் கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும். காகிதம் எரிந்த வாடை வந்து, சாம்பல் மெல்லியதாக உதிர்ந்தால் அது பருத்தி. அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நடப்பவருக்கு ஏற்ற உடை

கடிதத்தில் சொன்னதுபோல ஐந்தாறு கிலோமீட்டர் நடப்பவர், "நனையாமல் இருக்க வேண்டும்" என்ற ஆசையை விட்டுவிடுவதே நல்லது. நனைந்தாலும் சூடு போகாமல் இருந்தால் போதும். நியூசிலாந்தில் காட்டாறுகளைத் தாண்டித் தாண்டி டிரவுட் பிடிக்கப் போகிறவர்கள் பலர், தெர்மல் லெகிங்ஸும் அதன்மேல் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். இதற்கு வேண்டியவை மூன்று.

ஒன்று, இறுக்கமான கம்பளி அல்லது பாலியெஸ்டர் லெகிங்ஸ். அதன்மேல் சீக்கிரம் காயும் நைலான் அரைக்கால் சட்டை. தொளதொளவென்ற பேண்ட்டை ஓட்டம் பிடித்து இழுக்கும்.

இரண்டு, நியோப்ரீன் சாக்ஸ். சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர் நுரையில் செய்தது இது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியேறாமல் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். 3 மில்லிமீட்டர் கனம் பெரும்பாலும் போதும்.

மூன்று, கணுக்காலைப் பிடித்து நிற்கும் லேஸ் கட்டிய ஷூ. தண்ணீர் உள்ளே போனால் அதே வேகத்தில் வெளியேறவும் வேண்டும். சாக்ஸ் கனமாக இருப்பதால் ஷூவை ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். பாதத்தை நெருக்கினால் இரத்த ஓட்டம் குறையும். எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் விறைக்கும்.

லெகிங்ஸின் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிட்டால் அட்டையும் எளிதில் ஏறாது.

நிற்பவருக்கு ஏற்ற உடை

ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்பவருக்கும், பண்ணைக்குட்டையில் வலை இழுப்பவருக்கும் மார்பளவு நீர்புகா உடை பொருந்தும். கடைகளில் 'வேடர்ஸ்' என்று கேட்க வேண்டும். இதில் மூன்று ரகம் உண்டு.

ரப்பர் அல்லது பி.வி.சி. ரகம் விலை குறைவு. தண்ணீர் புகாது, ஆனால் வியர்வையும் வெளியேறாது. அரை மணி நேரம் மலையேறினால் உள்ளே நனைந்துவிடும். குட்டை வேலைக்குப் பரவாயில்லை.

நியோப்ரீன் ரகம் நல்ல சூடு தரும். கடுங்குளிரில் அசையாமல் நிற்பவருக்கு நல்லது. நடக்கும்போது வேகும்.

வியர்வை ஆவியை வெளியே விடும் மெல்லிய துணி ரகம், நடக்கவும் நிற்கவும் ஏற்றது. விலை அதிகம். இதற்கென்று சூடு கிடையாது. உள்ளே கம்பளி லெகிங்ஸ் போட்டால்தான் குளிர் தாங்கும்.

மூன்றிலும் கம்பூட் சேர்த்தே ஒட்டியதும் உண்டு, பாதம் சாக்ஸ் போல முடிவதும் உண்டு. நடப்பவர் இரண்டாவதை வாங்கி, மேலே தனி ஷூ போடுவது நல்லது. போட்டுப் பார்க்கும்போது நின்றால் மட்டும் போதாது. குந்தி உட்கார்ந்தும், ஒரு காலை நாற்காலிமேல் தூக்கி வைத்தும் பார்க்க வேண்டும். முழங்காலில் இழுத்தால் தையல் விட்டுப்போகும்.

எந்த ரகம் வாங்கினாலும் இடுப்பில் பெல்ட் கட்டாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. விழுந்தால், உடைக்குள் தண்ணீர் சரசரவென்று இறங்காமல் தடுப்பது அந்தப் பெல்ட்தான்.

கம்பூட் ஏன் காலை வாரியது?

கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது. நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும்தான் கயிறு கையை இழுக்கும். கம்பூட்டுக்குள் புகுந்த தண்ணீரும் அப்படித்தான். அது ஆளைக் கீழே இழுத்து அமுக்குவதில்லை. ஆனால் எழுந்து நிற்கவோ கரையேறவோ காலைத் தூக்கும்போது முழுக் கனமும் காலில் ஏறும். விறைத்த காலால் அதைத் தூக்க முடியாது. போதாததற்கு, சேற்றுக்காக அமைந்த கம்பூட்டின் அடி, பாசி படிந்த பாறையில் நிற்காது. அந்த வாசகரின் மகன் எழ முடியாமல் தவித்ததற்கு இவையே காரணமாக இருக்கும். வாய் அகன்ற கம்பூட்டை வயலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பாசிப் பாறைக்கு மென்மையான ரப்பர் அடியும், அதில் பதித்த உலோக ஆணிகளும் பிடிப்புத் தரும். ஃபெல்ட் எனப்படும் கம்பளம் போன்ற அடி பாறையில் நன்றாகப் பிடிக்கும். ஈரப்புல்லிலும் சேற்றிலும் வழுக்கும். அது காயவும் நாளாகும். ஈரத்தோடு நுண்பாசிகளை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகும். டிடிமோ என்ற பாசி ஆறுகளில் பரவியதால், நியூசிலாந்தில் 2008ஆம் ஆண்டு மீன்பிடிப்பவர்கள் ஃபெல்ட் அடியைப் பயன்படுத்தத் தடை விதித்தார்கள்.

இது நமக்கும் பாடம். உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழு நீலகிரியில் 1961ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு தோட்டம்விட்டுத் தோட்டம் போகும். ஓடைக்குப் போன ஷூவைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே தோட்டத்திலோ மீன் குட்டையிலோ இறங்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஓடைக்குப் போகும்போதும் இதே விதிதான்.

தண்ணீரில் இறங்கும்போது

நல்ல உடை இருக்கிறது என்ற தைரியத்தில் ஆழத்துக்குப் போகக் கூடாது. வேகமான ஓட்டத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் திரும்பிவிட வேண்டும். தோள் உயரத்துக்கு ஒரு கம்பு கையில் வேண்டும். கம்பை ஓட்டம் வரும் பக்கம் ஊன்றி, ஒரு காலை நன்றாகப் பதித்த பிறகே அடுத்த காலை நகர்த்த வேண்டும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ மட்டம் ஏறினாலோ உடனே கரைக்கு வந்துவிட வேண்டும். மேலே மழை பெய்திருக்கலாம். அணைக்குக் கீழே உள்ள ஓடையானால் தண்ணீர் திறந்துவிட்டிருக்கலாம்.

விழுந்து ஓட்டத்தில் அகப்பட்டால், மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி மிதந்து, ஆழம் குறைந்த இடத்துக்கு வந்த பிறகே எழ வேண்டும். ஓட்டத்தின் நடுவே நிற்கப் பார்த்தால் கால் பாறை இடுக்கில் சிக்கும்.

காப்புக்காட்டு ஓடைகளுக்கு உரிய அனுமதி இல்லாமல் போகக் கூடாது. தனியாக ஒருபோதும் போகக் கூடாது.

நடுக்கம் வந்தால்

தூண்டில் முடிச்சுப் போட விரல் மறுத்தால், அன்றைக்கு மீன்பிடிப்பு முடிந்தது என்று கரையேற வேண்டும். நடுக்கம், தடுமாற்றம், பேச்சு குழறுதல் ஆகியவை உடம்புச் சூடு இறங்கிவிட்டதன் அடையாளம். ஈரத்துணியைக் கழற்றி, துடைத்து, காய்ந்த உடை போட்டு, தலையையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுக்கலாம். விறைத்த காலைத் தேய்க்கவோ நெருப்பருகே நீட்டவோ கூடாது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் தெரியாது. மது கூடவே கூடாது. அது சூடு வந்ததுபோலக் காட்டி, உள்ள சூட்டையும் வெளியேற்றிவிடும். பேச்சு குழறினால் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் குளிர் ஓடையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

வீட்டில் இரண்டு பேரும் ஒத்துப்போக ஒரு வழி இருக்கிறது. இந்த ஆண்டு மார்பளவு உடை வேண்டாம். லெகிங்ஸ், நியோப்ரீன் சாக்ஸ், பிடிப்புள்ள ஷூ, ஒரு கம்பு, இவை போதும். மூன்று மணி நேரம் ஒரேயடியாகத் தண்ணீரில் நிற்காமல், அரை மணிக்கு ஒருமுறை கரையேறிக் காலை அசைத்து நடக்கட்டும். மாற்று உடை, கம்பளி சாக்ஸ், குல்லா மூன்றையும் பாலித்தீன் பையில் கட்டி முதுகுப் பையில் வைக்கட்டும். அந்தப் பையைப் பிரித்துப் பார்த்து, எந்த ஓடை, யார் யார் துணை, எத்தனை மணிக்குத் திரும்புவான் என்று கேட்டுக்கொண்ட பிறகு, அம்மா வழியனுப்பட்டும்.