மலை ஏறும் வண்டிக்கு எந்த டயர்? காவலூர் வளைவில் கற்ற பாடம்

காவலூரில் இருந்து ஆலங்காயம் இறங்கும் வழியில்தான் அது நடந்தது.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. சனிக்கிழமை வானாய்வகத்தில் தொலைநோக்கி வழியாக வானம் பார்க்கலாம் என்று ஆசை காட்டி அழைத்துப் போன பிள்ளைகளுக்கு, மேகத்தைத்தான் காட்ட முடிந்தது. பின் சீட்டில் பாதிப் பேர் தூக்கம். ஒரு வளைவில் பெரியப்பா பிரேக்கில் கால் வைத்தார். ஏ.பி.எஸ். டக டகவென்று காலை உதைத்தது. வண்டி மட்டும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

யாரும் பேசவில்லை. பெரியம்மா மட்டும் முருகனைக் கூப்பிட்டார்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் டயரைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வெளி ஓரம் மொழுமொழுவென்று இருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம்: 1419. அதாவது 2019-ம் ஆண்டின் 14-வது வாரத்தில் தயாரானது. ஆறு வயது தாண்டிவிட்டது.

இந்த வாரம் டயரைப் பற்றி எழுத அதுதான் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பெரியப்பாவின் நிலம் தார்ச் சாலையில் இருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, கல்லும் செம்மண்ணுமான பாதையில் இருக்கிறது. சுற்றியுள்ள வீடுகளில் ராத்திரி யாருக்காவது முடியவில்லை என்றால் வாணியம்பாடிக்கு இறங்குவது பெரும்பாலும் அவருடைய வண்டிதான். அந்த டயர் அவருடைய குடும்பத்துக்கு மட்டுமான டயர் இல்லை.

வீட்டில் மூன்று கட்சி

டயர் மாற்றணும் என்றதும் வீடு மூன்றாகப் பிரிந்தது. அண்ணனுக்கு மண்ணைப் பிய்த்துக்கொண்டு போகும் முரட்டு டயர் வேண்டும், பார்க்க கெத்தாக இருக்கணும். பெரியம்மாவுக்குச் சத்தம் வராத டயர் வேண்டும். பெரியப்பாவுக்குச் செலவு குறைய வேண்டும். மூன்று பேரும் என்னைப் பார்த்து, "நீதான் பத்திரிகைல இருக்கியே பாப்பா, விசாரிச்சுச் சொல்லு" என்றார்கள்.

விசாரித்ததில் முதலில் தெரிந்தது: பெரிய வண்டிகளுக்கு வரும் டயர் மூன்று ரகம்.

ஹெச்.டி.: நெடுஞ்சாலை டயர். தடத்தின் கட்டங்கள் நெருக்கமாக இருக்கும். சத்தம் குறைவு, மைலேஜ் நன்றாக வரும், ஈரத் தார்ச் சாலையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். சேற்றில் இறங்கினால் இடைவெளி அடைபட்டு வழுக்கும்.

ஏ.டி.: ஆல் டெர்ரெய்ன். கட்டங்கள் பெரிது, இடைவெளி அதிகம், பக்கவாட்டுச் சுவர் பெரும்பாலும் தடிமன். கல் பாதையில் கிழிசல் குறையும், மண்ணில் பிடிப்பு கூடும். பதிலுக்குக் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் டீசல்.

எம்.டி.: சேற்று டயர். அண்ணன் கேட்டது இதைத்தான். சேற்றில் ராஜா. ஈரத் தார்ச் சாலையில் அதே டயர் சாலையைத் தொடும் பரப்பு குறைவு, பெரிய கட்டங்கள் நெளியும், நிற்க அதிக தூரம் எடுக்கும். வாணியம்பாடியில் இருந்து வேலூருக்கு நெடுஞ்சாலையில் போனால் காது வலிக்கும்.

முதல் கேள்வி: உங்களுக்கு ஏ.டி. தேவையா?

கடைக்காரர் கேட்க மாட்டார், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். போன மாதம் எத்தனை நாள் தாரை விட்டு இறங்கினீர்கள்?

காவலூர் வானாய்வகத்தைப் பார்க்க வருபவர்களுக்கு ஏ.டி. டயர் தேவையே இல்லை. வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் என்று முழு வழியும் தார்ச் சாலை. ஜமுனாமரத்தூர் போகவும் தார்ச் சாலை உண்டு. நல்ல நிலையில் இருக்கும் ஹெச்.டி. டயர் போதும். ஆண்டுக்கு இரண்டு தடவை மலை ஏறுவதற்காக, மீதி 363 நாளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீசலுக்கு அதிகம் கொடுப்பது எதற்கு?

பெரியப்பாவின் கணக்கு வேறு. வாரத்தில் நான்கு நாள் கல் பாதை, மீதி நாள் கொண்டை ஊசி வளைவு. அவருக்கு ஏ.டி. வேண்டும். ஆனால் முரட்டு ஏ.டி. வேண்டாம், தார்ச் சாலையை மறக்காத மிதமான ஏ.டி. வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? தடத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். கட்டங்கள் ஓரளவு நெருக்கமாக, ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்க வேண்டும். ஈரச் சாலையில் பிடிப்பு கொடுப்பதில் அந்தச் சின்ன வெட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்டே இல்லாத பெரிய கட்டங்கள் என்றால் அது சேற்றுக்கானது.

டயரில் எழுதியிருப்பதைப் படிப்போம்

பெரியப்பா வண்டியின் டயரில் 265/60 R18 110H என்று இருந்தது. ஃபார்ச்சூனர், எண்டவர் போன்ற பெரிய எஸ்.யூ.வி.களில் பார்க்கும் அளவு இது.

265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கவாட்டுச் சுவரின் உயரம் அகலத்தில் 60 சதவிகிதம், அதாவது 159 மி.மீ. R என்றால் ரேடியல். 18 என்பது வீலின் விட்டம், அங்குலத்தில்.

கடைசியில் உள்ள 110H-ஐப் பலர் பார்ப்பதே இல்லை. 110 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்று பொருள். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. S என்றால் 180, T என்றால் 190.

நீங்கள் அந்த வேகத்தில் போகப் போவதில்லை, சரி. ஆனாலும் வண்டிக் கம்பெனி சொன்னதைவிடச் சுமைக் குறியீடு குறையக் கூடாது. ஏழு பேர், மேலே மூட்டை, மலை ஏற்றம் என்றால் அந்த எண்தான் உங்கள் பாதுகாப்பு. வேக எழுத்தையும் வண்டியின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏ.டி. டயர்கள் பலவற்றில் அது ஒரு படி குறைவாக இருக்கும்.

அளவுக்கு முன்னால் LT என்று இருந்தால் அது இலகுரக லாரி ரகம். கல்லுக்கு உறுதி அதிகம். எடையும் விறைப்பும் அதிகம், அதே சுமையைத் தாங்கக் காற்றும் கூடுதலாக வேண்டும். குடும்ப வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

'ஒரு சைஸ் பெரிசா போடலாம் சார்'

நாங்கள் போன ஒரு கடையில் இதைச் சொன்னார்கள். 265/65 R18 போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், கெத்து கூடும் என்றார்கள். அண்ணன் முகம் மலர்ந்தது. நான் போனில் கணக்குப் போட்டேன்.

இப்போதைய டயரின் மொத்த உயரம் 775 மி.மீ. அவர்கள் சொன்னது 802 மி.மீ. வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே. ஒரு விரல் அகலம்! அதற்குப் பதிலாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். எடை கூடும், பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் வேலை கூடும், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே உரசலாம். வாரன்ட்டியிலும் காப்பீட்டிலும் கேள்வி வரலாம்.

பக்கவாட்டுச் சுவர் உயரமாக வேண்டும் என்றால் வேறு வழி உண்டு. 265/65 R17 டயரின் மொத்த உயரம் 776 மி.மீ., கிட்டத்தட்ட அதே உயரம். சுவர் மட்டும் 172 மி.மீ. கல் மேல் ஏறும்போது மெத்தை மாதிரி அமுங்கும். ஆனால் 17 அங்குல வீல் வாங்க வேண்டும், அது உங்கள் வண்டியின் பிரேக்குக்கு மேல் பொருந்தவும் வேண்டும். உங்கள் மாடலிலேயே கம்பெனி 17 அங்குலம் கொடுத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பெரியப்பா சுருக்கமாக முடித்தார்: "கெத்து வேணாம்டா. நிக்கணும், அவ்ளோதான்."

பணக் கணக்கு

இந்த அளவில் நல்ல ஏ.டி. டயர் நான்கு வாங்கினால் அரை லட்சத்தைத் தாண்டும். ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள்.

2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. அதனால் வெளிநாட்டு ஏ.டி. டயரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணு கிழிஞ்சா இதே டயர் கிடைக்குமா?" நான்கு வீலும் சுழலும் 4x4 வண்டியில் இது ரொம்ப முக்கியம். ஒரு டயர் புதுசு, மூன்று தேய்ந்தது என்று உயரம் மாறினால் டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அடி வாங்கும்.

உள்ளூர் தயாரிப்புக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கூடமாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். அரக்கோணத்திலும் அதற்கு ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்போலோவுக்கு ஆலை உண்டு. எந்தப் பெயராக இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, தயாரிப்புத் தேதியின் நான்கு இலக்கம் சமீபத்தியதா என்று டயரை மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஐந்திலும் பாருங்கள். ஆமாம், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. கல் பாதையில் போகிறவருக்கு ஸ்டெப்னி அலங்காரம் இல்லை.

எப்போது மாற்ற வேண்டும்?

தடத்தின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். பக்கவாட்டில் TWI அல்லது முக்கோணக் குறி அதைக் காட்டும். தடம் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் மிச்சம் 1.6 மி.மீ. கார் டயருக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் அதுதான். ஆனால் மழைக்கால மலைப்பாதைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள்.

தடம் இருந்தாலும் வயதைப் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை, பத்து ஆண்டு ஆனால் கட்டாயம் மாற்றம் என்பது டயர் கம்பெனிகள் பல சொல்லும் அறிவுரை. வெயிலில் நிற்கும் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பருக்கு ஈரச் சாலையில் பிடிப்பு இருக்காது.

எங்கள் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்ததற்கு அலைன்மென்ட் பார்க்காததும் வளைவுகளும் காரணம். புது டயர் போட்டதும் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் செய்யுங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். காற்று அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது அதைப் பாருங்கள். சேற்றுக்காகக் காற்றைக் குறைத்திருந்தால், திரும்ப நிரப்பாமல் மலை இறங்காதீர்கள்.

டயரால் முடியாதது

ஜவ்வாது மலைக்கு இது புதுக் கவலை இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், கோயிலுக்குப் போன மக்களின் வேன் மலைப்பாதையில் கவிழ்ந்து பெண்கள் பலர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. எத்தனை பேரை ஏற்றுகிறோம், எந்த கியரில் இறங்குகிறோம் என்பதெல்லாம் டயருக்கு முந்திய கேள்விகள். இறங்கும்போது முழுக்கப் பிரேக்கை நம்பாமல் தாழ்ந்த கியரில் வாருங்கள். ஏ.பி.எஸ். வீல் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது. சாலையைத் தொடுவது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதான நான்கு இடங்கள் மட்டும்தான்.

கடைசியில் பெரியப்பா வாங்கியது அதே 265/60 R18 அளவில், 110 சுமைக் குறியீட்டில், மிதமான ஏ.டி. டயர் ஐந்து. அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவனாகவே கூரையில் வைக்க எல்.இ.டி. விளக்குப் பட்டை பார்க்க ஆரம்பித்தான். அதையும் தடுத்தாயிற்று. காவலூரில் 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய ஆய்வகத்துக்கு, இன்று 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வரை எல்லாவற்றுக்கும் இருட்டுதான் மூலதனம். அந்தப் பக்கம் போகிறவர்கள் கூடுதல் விளக்கை அணைத்துவிடுங்கள், ப்ளீஸ்.

போன வாரம் மறுபடி மழை. இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். பெரியப்பா இறக்கிக்கொண்டு போனார். தாத்தா இப்போது நலம். காலையில் போன் செய்து, "அந்த வளைவுல எப்படி இருந்துச்சு பெரியப்பா?" என்று கேட்டேன்.

"எந்த வளைவு?" என்றார்.

எனக்கு அந்தப் பதில் போதும். உங்கள் வண்டி டயரின் நான்கு இலக்கம் என்ன? இன்றைக்கே குனிந்து பாருங்கள்.