முதன்மைத் தொழில் எது?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1955-ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அன்றோடு விடைபெற்றது. அச்சு ஊடகத்தை மட்டுமே பார்த்த சட்டத்தின் இடத்தில், மின்னணு ஊடகத்தையும் டிஜிட்டல் ஊடகத்தையும் சேர்த்துப் பார்க்கும் சட்டம் வந்திருக்கிறது. நியமனக் கடிதம் கட்டாயம், நான்கு வாரங்களுக்கு 144 மணி நேர வரம்பு, மூன்று ஆண்டுப் பணிக்கே பணிக்கொடை ஆகிய மூன்றையும் இந்த இதழ் வரவேற்கிறது. ஊதியக் குழு முறை கைவிடப்பட்டதில் அச்சு ஊடகத் தோழர்களுக்கு உள்ள வருத்தம் நியாயமானது. மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் தொலைக்காட்சியின் வாசலை எட்டியதே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

நம் கவலை வரையறையில்தான் இருக்கிறது. பத்திரிகைப் பணியை முதன்மைத் தொழிலாகக் கொண்டு, அதற்கென அமர்த்தப்பட்டவரே உழைக்கும் பத்திரிகையாளர் என்கிறது சட்டம். முழு நேரமானாலும் சரி, பகுதி நேரமானாலும் சரி. ஒரு நிறுவனமானாலும் சரி, பலவானாலும் சரி. பழைய சட்டத்திலும் 'முதன்மைத் தொழில்' என்ற சொல் இருந்ததுதான். ஆனால் தொலைக்காட்சியின் மாவட்ட, தாலுகா செய்தியாளர்கள் அந்த அளவுகோலின் முன் நிற்பது இதுவே முதல் முறை.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூர் மாவட்டம் அமிர்தியில் மழைநாளில் நடப்பதைப் பாருங்கள். அருவியில் வெள்ளம், உயிரியல் பூங்காவுக்கு வந்தவர்களை வனத்துறை திருப்பி அனுப்புகிறது. செய்தியாளர் சேனலின் மைக் லோகோவைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பைக்கில் போகிறார். நாற்பது விநாடி விஷுவல், வனவரிடம் ஒரு பைட். சிக்னல் கிடையாது. கணியம்பாடி பக்கம் திரும்பி வந்து, டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி ஃபுட்டேஜ் அனுப்புகிறார். அடுத்த அரை மணியில் அது பிரேக்கிங். அவருக்குக் கிடைப்பது செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு. பெட்ரோல் அதற்குள் அடக்கம். குடும்பம் ஓடுவது கல்யாண வீடியோவில். அவருடைய முதன்மைத் தொழில் எது? வருமானத்தை வைத்துப் பார்த்தால் வீடியோகிராபர். வாழ்நாளை வைத்துப் பார்த்தால் செய்தியாளர். அதிகாரிகள் எந்தக் கணக்கைக் கையில் எடுப்பார்கள்?

வாழ்நாள் கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: என்டிடிவியின் செய்தியாளர் கமால் கான் 2022 ஜனவரி 14 அன்று லக்னோவில் காலமானார். முதல் நாள் வரை திரையில் இருந்தவர். ஒரே ஊரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்ததால் வந்தது அவர் சொல்லின் கனம். அப்படி ஊன்றி நிற்க மாதச் சம்பளம் வேண்டும். அது இல்லாததால் நம் மாவட்டங்களில் இருபது ஆண்டு அனுபவம் ஒவ்வொன்றாகத் தொழிலை விட்டுப் போகிறது. 2023-இல் அணைக்கட்டு ஊர் அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையைத் தாய் சுமந்து நடந்ததை நாடு அறிந்தது. மலைக்கு வழி தெரிந்த உள்ளூர்ச் செய்தியாளர் இல்லாமல் போனால் அப்படிப்பட்ட செய்தி எந்த நியூஸ்ரூமுக்கு வரும்?

என் இளமையில் ஒரு நிறுவனம் எனக்கு லோகோ தந்தது, கடிதம் தரவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின் லோகோவைத் திருப்பிக் கேட்டது. அன்று முறையிட எனக்கு ஒரு வாசல்கூட இல்லை. இன்று வாசல் இருக்கிறது. உள்ளே அழைப்பார்களா என்பதுதான் கேள்வி.

அரசுகளுக்கு நம் கேள்விகள் இவை. ஆட்சியர் கூட்டத்துக்கு வா என்று அழைக்கும்போது செய்தியாளர். அங்கீகார அட்டை கேட்டால் மட்டும் நிறுவனக் கடிதம் எங்கே என்பது என்ன நியாயம்? 2024 ஜனவரியில் பல்லடத்தில் நியூஸ் 7 தமிழ் செய்தியாளர் நேசபிரபு, தன்னைச் சிலர் பின்தொடர்வதாகக் காவல்துறைக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்த பிறகும் வெட்டப்பட்டார். உயிரைக் கொடுக்கும் அளவுக்குப் போனவரிடம் இது உன் முதன்மைத் தொழிலா என்று எந்த அதிகாரி கேட்க முடியும்?

எனவே நம் நிலைப்பாடு இது: ஒளிபரப்பான செய்தியே பணிக்குச் சான்று. சேனலின் லோகோவைக் கையில் கொடுத்த நாளே நியமன நாள். தொழிலாளர் துறை தலைமை அலுவலகத்துப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. கணியம்பாடி டீக்கடையிலிருந்து எண்ணத் தொடங்கட்டும்.