விடையை அனுப்பாதீர்கள், பிள்ளையோடு உட்காருங்கள்



நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் ஒவ்வோர் இரவும் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றி, கணிதம் படிப்பிக்கிற நாங்கள் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மனம் நோகிறவர்கள் மன்னிக்கவும். ஆனால் கடைசி வரை வாசியுங்கள்.

தரம் 9, தரம் 10 பிள்ளையின் வீட்டுவேலையை உம்மாவோ ராத்தாவோ படம் எடுத்து குரூப்பில் போடுகிறார்கள். "யாராவது இதைச் செய்து தாங்களேன், நாளைக்கு மகள் கொண்டுபோகணும்." கொஞ்ச நேரத்தில் படித்த ஒருவர் முழு விடையையும் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார். கீழே வரிசையாக "ஜஸாகல்லாஹு ஹைர்". பிள்ளை அதைக் கொப்பியில் பார்த்து எழுதிவிட்டுத் தூங்கிவிடுகிறது. மறுநாள் எங்கள் மேசைக்கு வருகிற கொப்பிகளில் ஒரே விடை, ஒரே வரி, சில நேரம் ஒரே பிழை.

அனுப்புகிறவரின் நிய்யத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நடப்பது உதவி இல்லை. அது யோசிக்க வேண்டிய பத்து நிமிடத்தை நாம் பறித்துக்கொள்கிறோம்.

இப்படி அதிகமாகக் கேட்கப்படுவது இருபடிக் கோவைகளின் காரணிகள். இந்தப் பாடத்தை ஓரிரவில் கடந்து போய்விட முடியாது. பொது மடங்குகளுட் சிறியது, அட்சரகணிதப் பின்னம், இருபடிச் சமன்பாடு எல்லாவற்றுக்கும் இதுதான் வாசல். இங்கே காரணி காணத் தெரியாத பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை வரை ஒவ்வொரு பாடத்திலும் இதே இடத்தில் தடுக்கி விழும். பரீட்சை மண்டபத்தில் குரூப் இருக்காது.

"எங்களுக்குக் கணக்குத் தெரியாதே, வேறென்ன செய்ய?" என்று கேட்கிற உம்மாமார் பலர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். காரணி காணும் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. விடை கண்டுபிடிக்கத் தெரியாதவரும் விடையைச் சரிபார்க்கலாம்.

எக்ஸ்² + 7எக்ஸ் + 12 என்று ஒரு கணக்கு. பிள்ளை தேட வேண்டியது இரண்டே இரண்டு எண்கள். பெருக்கினால் 12, கூட்டினால் 7. ஒன்றும் பன்னிரண்டும்? கூட்டினால் 13. இரண்டும் ஆறும்? கூட்டினால் 8. மூன்றும் நான்கும்? 7, சரி. ஆகவே (எக்ஸ் + 3)(எக்ஸ் + 4). அந்த முதல் இரண்டு தவறான முயற்சிகள்தான் படிப்பு. குரூப்பில் வருகிற விடையில் அந்த இரண்டும் இருக்காது.

பிள்ளை அவசரத்தில் (எக்ஸ் + 2)(எக்ஸ் + 6) என்று எழுதிவிட்டது என்று வைப்போம். எக்ஸ் இருக்கிற இடத்தில் 1 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வியில் 1 + 7 + 12, அதாவது 20. பிள்ளையின் விடையில் 3 × 7, அதாவது 21. பொருந்தவில்லை, எங்கோ பிழை. சரியான விடையில் 4 × 5, அதாவது 20. ஒரு தடவை பொருந்திவிட்டாலும் போதாது. கடைசியில் அடைப்புகளைப் பெருக்கிப் பழைய கோவை வருகிறதா என்று பிள்ளையே பார்க்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து "பெருக்கிப் பார்த்தியா மகள்?" என்று கேட்பது மட்டும். அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

ஹிப்ழ் மத்ரஸாவில் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பிள்ளை பாடம் கொடுக்கும்போது உஸ்தாத் தானே ஓதி முடித்துவிடுவதில்லை. பொறுமையாகக் கேட்கிறார். பிழை வந்தால் நிறுத்துகிறார். பிள்ளை திரும்ப ஓதுகிறது. பிள்ளைக்குப் பதிலாக இன்னொருவர் ஓதிவிட்டால் அதைப் பாடம் கொடுத்ததாக நம்மில் யாரும் ஏற்பதில்லை. கணிதக் கொப்பிக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

மேடைகளில் நாம் பெருமையோடு சொல்கிற இன்னொரு விஷயம், அல்ஜீப்ரா முஸ்லிம்கள் உலகுக்குத் தந்தது என்பது. உண்மைதான். கி.பி. 820 அளவில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள "அல்-ஜப்ர்" என்ற சொல்லில் இருந்தே அந்தப் பெயர் வந்தது. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் 10 மடங்கும் சேர்ந்து 39 என்றால், அந்த மூலம் என்ன? விடை 3. அவர் விடையோடு நிற்கவில்லை. சதுரம் வரைந்து, அதன் பக்கங்களில் செவ்வகங்களை ஒட்டி, மூலையில் குறைகிற 25 ஐச் சேர்த்து, 64 பரப்புள்ள பெரிய சதுரமாக்கி, வழி ஏன் சரி என்று காட்டினார். அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊரில், பிள்ளைகள் விடையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பது அழகில்லை.

"நீங்கள் வகுப்பில் ஒழுங்காகப் படிப்பித்தால் குரூப்புக்கு ஏன் வருகிறோம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் கொப்பியில் பிள்ளையின் சொந்தப் பிழை எங்களுக்கு வேண்டும். அதைப் பார்த்தால்தான் அடையாளத்தில் பிழைக்கிறதா, பெருக்கலில் பிழைக்கிறதா என்று தெரியும். பார்த்து எழுதிய சரியான விடை எங்களுக்கு எதையும் சொல்லாது. அரைகுறையாகச் செய்த கொப்பியோடு வருகிற பிள்ளையை ஏசுகிற ஆசிரியர் இருந்தால், அவரிடமும் இதே கண்டிப்போடு பேசுவோம்.

ஆகவே குரூப் அட்மின்களிடம் ஒரு கோரிக்கை. பிள்ளை முயன்று எழுதிய பக்கம் இல்லாமல், வெறும் கேள்வியின் படம் வந்தால் விடை அனுப்ப அனுமதிக்காதீர்கள். முயன்ற பக்கம் வந்தால், எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல்லுங்கள். உயர்தரத்தில் கணிதம் படிக்கிற நானாமார், ராத்தாமார் வாரத்தில் ஒரு நாள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பேனா பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம். வீட்டில் தரம் 10 பிள்ளை இருந்தால் இன்றைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள்: 2எக்ஸ்² + 7எக்ஸ் + 3. கமெண்டில் தயவுசெய்து யாரும் விடையைப் போட வேண்டாம்.

வஸ்ஸலாம்.