தலைவாசலும் கொல்லைப்புறமும்

ஓய்வு பெற்ற காவலரை அலுவலகப் பணியில் அமர்த்தினால் என்ன, அனுபவம் வீணாகலாமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வட அயர்லாந்து விடை கூறும்.

அங்கு மக்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் கத்தோலிக்கர். 1999-இல் காவற்படையிலோ நூற்றுக்கு எட்டே பேர்! இந்த அநீதியைக் களைய வழி வகுத்தது, அவ்வாண்டில் அறிக்கை தந்த பேட்டன் குழு. பழைய அதிகாரிகள் பலர் இழப்பீட்டுத் தொகை பெற்று விடைபெற்றனர். 2001 முதல் 2011 வரை, புதிதாகச் சேரும் காவலரில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்பது விதியாயிற்று.

நடந்தது என்ன? தலைவாசல் வழியே விடைபெற்றவர்களிற் பலர் கொல்லைப்புறமாகத் திரும்பினர், தனியார் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் மூலம், ‘தற்காலிகப் பணியாளர்’ என்ற பெயரில்! 2004 முதல் இத்தகைய பணியாளருக்கு ஆன செலவு 10 கோடிப் பவுனுக்கு மேல் என்றும், அவர்களில் நூற்றுக்கு 39 பேர் முன்னாள் காவலர் என்றும் 2012-இல் தணிக்கை அறிக்கை உரைத்தது.

அனுபவத்தை நாம் இகழவில்லை. பழைய வழக்குகளை அறிந்தவரின் துணை தேவைப்படலாம். ஆனால், அந்த நாற்காலிக்கும் விளம்பரம் வேண்டும், போட்டி வேண்டும், கால வரம்பு வேண்டும். சீருடையைக் கழற்றியதும் சமநீதியும் கழன்றுவிடுமா?

தோழர்களே! சட்டம் பிறந்ததும் களித்திருத்தல் போதாது. நியமன ஆணை எவ்வழி செல்கிறது என்று காவாதார்க்குப் பெற்ற உரிமையும் ஏட்டுச் சுரைக்காயே!