ஒரு சொல், பல பொருள்

‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று மட்டும் மனப்பாடம் செய்வது போதுமா? பச்சையாறு ஓடுவதும், பேருந்து ஓடுவதும் ‘ரன்’தான். ஆனால் கடையை ‘ரன்’ செய்வது நடத்துவது. தேர்தலில் ‘ரன்’ செய்வது போட்டியிடுவது. அங்கே ‘ஓடு’ என்று எழுதினால் பொருள் கெடும். இச்சொல்லுக்கு வினையாக மட்டும் 600க்கும் மேற்பட்ட பொருள்களை ஆக்ஸ்போர்டு அகராதியினர் கண்டுள்ளனர்!

இத்தாலியில் பிறந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியை இயற்றினார். ஒரு சொல்லின் பல பொருள்களைப் பெயரகராதியிலும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களைப் பொருளகராதியிலும் தொகுத்தார். நாமும் ஆங்கிலத்துக்கு அவ்வாறே ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுதுவோம். வெறும் மனப்பாடம் தேர்வோடு மறந்துபோகும். வாக்கியத்தோடு கற்ற சொல், நாளை களக்காட்டைவிட்டுக் கல்லூரிக்குச் செல்லும்போதும் நமக்குத் துணைநிற்கும்.